பால் பத்துதா?

தங்கைக்கு முதல் பிரசவம், சிசேரியன். மூன்றாம் நாள் இரவு, வார்டில் விளக்கணைத்த பிறகு குழந்தை அழ ஆரம்பித்தது. மார்பில் போட்டால் இரண்டு நிமிடம் சப்பும், கண்ணை மூடும். எடுத்துப் படுக்கவைத்தால் மறுபடி வீறிடும். ஒரு மணி வாக்கில், பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையாக வந்திருந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா, புள்ள பசியில கத்துது. உனக்குப் பால் பத்தல போலிருக்கு. ஒரு டப்பா வாங்கிட்டு வரச் சொல்லி ரெண்டு சங்கு ஊத்து, தூங்கிரும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். சொந்த மகளுக்கும் அதையேதான் சொல்லியிருப்பார். என் அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. தங்கை எதுவும் பேசவில்லை. தையல் வலியோடு ஒருக்களித்துப் படுத்தபடி மார்பை அழுத்திப் பார்த்தாள். மஞ்சளாக, தேன்போலக் கெட்டியாக ஒரு சொட்டு காம்பில் வந்து நின்றது. "அக்கா, இவ்வளவுதான் வருது" என்றாள்.

இருபது வருடத்துக்கு முன் என் முதல் பிள்ளைக்கு நானும் இதே வார்த்தையைச் சொன்னேன். பதில் சொல்ல யாரும் இல்லை. மூன்றாம் நாளே டப்பா வந்தது. நாற்பதாம் நாள் என் பால் வற்றிப்போனது. என் உடம்பில்தான் குறை என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு படித்தும், மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டும் தெரிந்துகொண்டபோதுதான், என் உடம்பு அதன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது, எனக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை என்பது புரிந்தது. அன்று இரவு தங்கையிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு சொட்டு. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பு பாலுக்குத் தயாராகிவிடுகிறது. ஆனால் நஞ்சுக்கொடி உள்ளே இருக்கும்வரை அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பால் பெருகாமல் தடுத்து வைத்திருக்கும். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடியும் வெளியேறிய பிறகுதான் அந்தத் தடை விலகும். ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் இறங்க இறங்க, பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் தன் வேலையைத் தொடங்கும். இதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். முதல் பிரசவம், சிசேரியன், தாய்க்குச் சர்க்கரை நோய், கூடுதல் உடல் எடை என்று ஏதாவது இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகலாம். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 45 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். அதனால் நம் ஊரில் பால் இறங்கச் சற்றுத் தாமதமாகும் தாய்மார் நிறையப் பேர். அந்தத் தாமதம் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று என்று அவர்களிடம் முன்கூட்டிச் சொல்கிறவர்கள்தான் குறைவு.

பால் இறங்கும்வரை வருவது சீம்பால். முதல் நாளில் ஒரு தடவைக்கு 2 முதல் 10 மில்லி வரைதான் கிடைக்கும். வீட்டிலிருக்கும் சின்னத் தேக்கரண்டி 5 மில்லி பிடிக்கும் என்றால், அரைக் கரண்டியில் தொடங்கி இரண்டு கரண்டி. பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிகிறது. பிறந்த குழந்தைக்கோ அதுதான் அளவு. அதன் இரைப்பை சின்னது, சிறுநீரகம் நிறைய நீரைக் கையாள இன்னும் பழகவில்லை, முதல் நாட்களைச் சமாளிக்க உடம்பில் கொஞ்சம் கூடுதல் நீரோடுதான் அது பிறக்கிறது. சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், இடையில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துச் செய்யக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் கொஞ்சமாக, கெட்டியாக வருவதுதான் தோது. இரண்டாம் நாள் ஒரு தடவைக்கு 5 முதல் 15 மில்லி, மூன்றாம் நாள் 15 முதல் 30 என்று அளவு ஏறும். இரைப்பையும் அதோடு சேர்ந்து விரியும்.

அந்தச் சொட்டில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நிறைந்திருக்கின்றன. அவை குழந்தையின் குடலின் உட்சுவரில் பூச்சுபோலப் படிந்து கிருமியை ஒட்டவிடாமல் காக்கின்றன. சீம்பால் குடலை இளக்கி, பிறந்ததும் போகும் கரிய மலத்தைச் சீக்கிரம் வெளியேற்றும். மஞ்சள்காமாலைக்குக் காரணமான பிலிரூபினும் அந்த மலத்தோடு வெளியே போகும். நம் வீடுகளில் பசு கன்று ஈன்றால் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவோம். அதே வீடுகள் சிலவற்றில் பெற்றவளின் சீம்பாலைக் கெட்டுப்போன பால் என்று பீய்ச்சிக் கொட்டியதும் நடந்திருக்கிறது. இப்போது அது குறைந்துவிட்டது. ஆனால் சீம்பால் கணக்கில் வராது, வெள்ளையாக வருவதுதான் பால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. "பால் இன்னும் வரல, ஏதோ மஞ்சத் தண்ணிதான் வருது" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்!

சரி, அளவு போதுமென்றால் குழந்தை ஏன் ராத்திரியெல்லாம் அழுகிறது? பிறந்த முதல் நாள் களைப்பில் அது பெரும்பாலும் தூங்கிக் கழிக்கும். இரண்டாம் மூன்றாம் இரவுதான் நன்றாக விழித்துக்கொள்ளும். ஒன்பது மாதம் வெதுவெதுப்பில், அம்மாவின் இதயத் துடிப்பைக் கேட்டபடி சுருண்டு கிடந்த உயிரை விறைப்பான விரிப்பில் தனியாகக் கிடத்தினால் அழத்தான் செய்யும். மார்பு வேண்டும், சூடு வேண்டும், வாசனை வேண்டும் என்று கேட்கும். அரை மணிக்கொரு முறை மார்பைத் தேடித் தேடிச் சப்பும். அது சப்பச் சப்பத்தான் தாயின் மூளைக்கு, நாளைக்கு இவ்வளவு வேண்டும் என்ற செய்தி போகிறது. மூன்றாம் இரவின் அழுகை நான்காம் நாள் பாலுக்கான முன்பதிவு.

அந்த நேரத்தில் டப்பாப் பாலை ஊற்றினால் என்ன ஆகும் என்பதை நம் பழமொழி ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம். இறைத்த கிணறு ஊறும். மார்பும் அப்படித்தான். பால் வெளியேறினால் புதுப் பால் ஊறும். தேங்கி நின்றால், தேங்கிய பாலில் இருக்கும் ஒரு பொருளே சுரப்பைக் குறைக்கச் சொல்லும். புட்டிப்பாலோ டப்பாப் பாலோ குடித்த குழந்தை மூன்று நான்கு மணி நேரம் அசந்து தூங்கும், ஏனென்றால் அந்தப் பால் மெதுவாகத்தான் செரிக்கும். வீடே நிம்மதிப் பெருமூச்சு விடும், "பாத்தியா, பசிதான்" என்று. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் மார்பில் இரண்டு தடவை குடித்திருக்க வேண்டியது குடிக்காமல் போனது. மறுநாள் சுரப்பு அவ்வளவுக்குக் குறையும். குறைந்ததால் இன்னொரு புட்டி, அதனால் இன்னும் குறையும். பத்து நாளில், பால் பத்தவில்லை என்று பயந்தது பலித்துவிடும். என் கதை இதுதான். ரப்பர் காம்பில் பால் தானாக ஒழுகிப் பழகிய பிள்ளை, உழைத்துக் குடிக்க வேண்டிய மார்பைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்வதும் இதோடு சேர்ந்துகொள்ளும். இரவில் புரோலாக்டின் சுரப்பு கூடுதல். ஆகவே, அம்மா நன்றாகத் தூங்கட்டும் என்று முதல் வாரங்களில் ராத்திரிக்குப் புட்டி கொடுப்பது, கிணறு நன்றாக ஊறும் நேரத்தில் இறைப்பதை நிறுத்துவதுபோல ஆகிவிடுகிறது.

பாலை நிறுத்தவும் நம் ஊரில் ஒரு வழி உண்டு. குழந்தையைப் பறிகொடுத்த தாயின் மார்பில் மல்லிகைப் பூவைச் சரமாக வைத்துக் கட்டுவார்கள். இது வெறும் நம்பிக்கையா என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து 1988-இல் ஆய்வு வெளியிட்டார்கள். பாலை வற்றச்செய்யும் மாத்திரை ரத்தத்திலுள்ள புரோலாக்டினைப் பூவைவிட அதிகமாகக் குறைத்தது. ஆனால் மார்பில் பால் கட்டுவதையும் சுரப்பதையும் குறைத்ததில் பூவும் மாத்திரையும் சமமாகவே இருந்தன. பூவை வைத்துக் கட்டிய அந்தப் பாட்டிகளின் கைகளை நினைத்துக்கொள்கிறேன். இவ்வளவு நுட்பமாகத் தெரிந்துவைத்திருந்த அதே மரபில்தான், "உனக்குப் பால் இல்லடி" என்று ஒரு வார்த்தையில் ஒருத்தியை ஒடித்துப்போடுவதும் இருந்தது.

ஒடிப்பது என்று சும்மா சொல்லவில்லை. சுரந்த பாலைக் காம்புவரை தள்ளிக் கொண்டுவருவது ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன். குழந்தை சப்பினால் அது சுரக்கும், குழந்தையை நினைத்தாலே சுரக்கும். பக்கத்து அறையில் பிள்ளை சிணுங்கினால் இங்கே ரவிக்கை நனைந்துபோவது இதனால்தான். முதல் நாட்களில் பால் கொடுக்கும்போது அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிப்பதும் இதன் வேலையே. கருப்பை சுருங்குகிறது, ரத்தப்போக்கு குறைகிறது. ஆனால் வலி, பயம், அவமானம், சுற்றி நின்று பார்க்கிறவர்களின் கண்கள் எல்லாம் ஆக்ஸிடோசினைத் தடுக்கும். பால் உள்ளே இருக்கும், இறங்காது. பால் இருக்கிறதா என்று ஒருத்தியிடம் திரும்பத் திரும்பக் கேட்டால், இருக்கிற பாலையும் இறங்கவிடாமல் செய்கிறோம்.

இனி, மார்பில் பிடிக்கவைப்பது. எனக்குத் தெரிந்தவரை பாதிக்கு மேற்பட்ட கஷ்டங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. குழந்தை மார்பைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். பிறந்தவுடன் துடைத்துத் தாயின் வெற்று மார்பின் மீது கவிழ்த்துப் போட்டால், ஒரு மணி நேரத்துக்குள் அது தானே ஊர்ந்து காம்பைத் தேடிப் பிடிக்கும் என்பதும் உண்மை. பல இடங்களில் அதற்கு நேரம் கொடுப்பதில்லை. எடுத்துச் சுற்றி, எடைபோட்டு, உறவினரிடம் காட்டிவிட்டுத்தான் தாயிடம் வருகிறது. பிறகு சொல்லித்தர வேண்டியதாகிறது.

மறுநாள் காலை வந்த மூத்த செவிலியர் தங்கைக்குச் சொல்லித்தந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் தங்கையைச் சாய்ந்து உட்காரவைத்து முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தார். "நீ குனியாத. புள்ளய உன்கிட்ட கொண்டா" என்றார். தையலில் படாதபடி குழந்தையைப் பக்கவாட்டில், கக்கத்தில் குடையை இடுக்கிக்கொள்வதுபோல வைத்தார். கால் பின்னால், தலை தங்கையின் உள்ளங்கையில். காதும் தோளும் இடுப்பும் ஒரே நேர்க்கோடு. தலையைத் திருப்பிக்கொண்டு நம்மால் ஒரு வாய் தண்ணீர் விழுங்க முடியாது, குழந்தையாலும் முடியாது. குழந்தையின் மூக்குக்கு நேராகக் காம்பு வரும்படி பிடித்து, மேலுதட்டில் மெல்லத் தொட்டார். அது நாக்கை நீட்டியது, உதட்டை நக்கியது. "பொறு, பொறு" என்றார் செவிலியர். சின்னதாக வாய் திறந்தபோது விட்டுவிட்டார். கொட்டாவி விடுவதுபோல அகலத் திறந்த அந்த நொடியில், தோளைத் தாங்கிச் சட்டென்று மார்போடு சேர்த்தார். மோவாய் முதலில் மார்பில் புதைந்தது. கீழுதடு வெளிப்பக்கம் மடிந்தது. காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் வாய்க்குள் போய், மேல்பகுதி மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. முதலில் வேகமாகச் சப்பியது. பிறகு நிதானப்பட்டு, ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், தொண்டையில் மெல்லிய ஒரு சத்தம். "கேட்டுதா? முழுங்குது" என்றார். தங்கை அழுதுவிட்டாள்.

மூன்று நாளாக அவளுக்குக் காம்பில் ஊசி குத்துவதுபோல வலி இருந்தது. அன்று வலி பாதியானது. காம்பின் நுனியை மட்டும் கவ்வும் குழந்தை அதைக் கடித்து மெல்லும். காம்பு வெடிக்கும், பாலும் வராது. முதல் சில நொடி சுருக்கென்று இருக்கலாம். பால் குடிக்கும் நேரம் முழுக்க வலித்தால் பிடிப்பு சரியில்லை என்று பொருள். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்ள வேண்டாம். வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து உறிஞ்சலை விடுவித்து, எடுத்து மறுபடி பிடிக்கவைக்க வேண்டும். வெடித்த காம்பில், கொடுத்து முடித்ததும் கடைசிச் சொட்டுப் பாலைத் தடவிக் காற்றில் உலரவிட்டாலே பெரும்பாலும் ஆறும்.

நான்காம் நாள் மதியம் பால் இறங்கியது. இறங்கியது என்பதைவிடப் பாய்ந்தது எனலாம். இரண்டு மார்பும் கல்போல இறுகி, காம்பு தட்டையாகி, குழந்தையால் பிடிக்க முடியாமல் போனது. இதைத்தான் பால் கட்டிக்கொள்வது என்கிறோம். முந்தின நாள்வரை பால் இல்லை என்று கலங்கியவளுக்கு இது அடுத்த அதிர்ச்சி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிறிது நேரம் ஒற்றி, கையால் கொஞ்சம் பீய்ச்சி மார்பை இளக்கிவிட்டால் குழந்தை பிடித்துக்கொள்ளும். கொடுத்து முடித்த பிறகு குளிர்ந்த துணி. இரண்டு நாளில் அடங்கிவிடும். மார்பில் ஓரிடம் சிவந்து, கெட்டிப்பட்டு, குளிர்க்காய்ச்சலும் வந்தால் அது வேறு. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை, தேங்கினால்தான் கெடுதல்.

பால் போதுமா என்ற கேள்விக்கு மார்பைத் தொட்டுப் பார்த்துப் பதில் தேடாதீர்கள். சில வாரம் கழித்து மார்பு மிருதுவாகிவிடும். சுரப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, தேவைக்கேற்ப ஊறக் கற்றுக்கொண்டுவிட்டது. அழுகையை வைத்தும் முடிவு செய்ய முடியாது. சாயங்காலமானால் இரண்டு மணி நேரம் விடாமல் மார்பில் தொங்குவது சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பு. பார்க்க வேண்டியது துணியை. முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று சிறுநீர் ஏறி, ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல், நிறமில்லாமல் போக வேண்டும். மலம் கறுப்பிலிருந்து பச்சையாகி, நான்கைந்து நாளில் மஞ்சளாகிவிட வேண்டும். எடை முதல் நாட்களில் குறையும். பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை குறைவது வழக்கம், 10-ஐத் தொட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிப்பதும் இயல்பே. கையை வாய்க்குக் கொண்டுபோவதும் தலையைத் திருப்பித் தேடுவதுமே பசியின் முதல் அறிகுறி. அழுகை கடைசி அறிகுறி, வீறிடும் பிள்ளையைப் பிடிக்கவைப்பது கடினம்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். உண்மையிலேயே பால் பத்தாத தாய்மார் உண்டு. தைராய்டுக் குறை, பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு, மார்பில் முன்பு செய்த அறுவை சிகிச்சை, பால் சுரப்பித் திசு போதிய அளவு வளராதது எனக் காரணங்கள் இருக்கின்றன. குறைமாதத்தில் பிறந்து உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைகளும் உண்டு. துணி நனையாமல் இருப்பது, மூன்று நாளைக்குப் பிறகும் மலம் கறுப்பாகவே போவது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, கண்ணும் உள்ளங்காலும் மஞ்சளாவது ஆகியவற்றைப் பார்த்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதும், வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதும் ஆபத்து. அந்த நிலையில் மருத்துவர் சொல்லும் மாற்றுப் பால் மருந்துக்குச் சமம். அதைக் கொடுக்கும் தாயிடம் யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

அப்போதும் முதலில் தேட வேண்டியது அவளுடைய பீய்ச்சிய பாலை. அன்று இரவு நாங்கள் செய்ததும் அதுதான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். பத்து நிமிடம் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் செய்ததில் ஒரு கரண்டி அளவு சேர்ந்தது. அம்மா கொண்டுவந்திருந்த வெள்ளிப் பாலாடையில், அதாவது சங்கில் எடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்குப் பகுதியைக் கீழுதட்டு ஓரத்தில் வைத்தேன். ஊற்றவில்லை. அதுவே நாக்கால் நக்கி நக்கிக் குடித்தது. பிறகு தங்கையின் நெஞ்சில், தோலோடு தோல் படும்படி போட்டுப் போர்த்திவிட்டேன். தூங்கிப்போனது. அதே பாலாடையைக் குறைமாதக் குழந்தைகளுக்குப் புட்டிக்குப் பதிலாக இந்திய மருத்துவமனைகள் இன்று பயன்படுத்துகின்றன. ஆங்கில மருத்துவ இதழ்களிலும் அதற்குப் பெயர் பாலாடைதான். தாயிடம் பாலே கிடைக்காதபோது தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயன் மருத்துவமனையில், மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்படப் பல அரசு மருத்துவமனைகளில் இப்போது உண்டு. பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மார் தயவுசெய்து இதை விசாரியுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சட்டம். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, வெந்தயக் களி, பிரசவ லேகியம். இவற்றால்தான் பால் ஊறுகிறது என்று சொல்ல முடியாது. ஊறுவது குழந்தை குடிப்பதால்தான். ஆனால் பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. கீரையும் மீனும் பூண்டும் அந்தக் கணக்கில் நல்ல வரவு. பூண்டில் இன்னொரு சுவையான விஷயம்: தாய் பூண்டு சாப்பிட்ட நாளில் குழந்தைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் இருந்ததை 1991-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் பதிவுசெய்திருக்கிறார்கள். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதும், அரை வயிற்றுக்குப் போடுவதும் மட்டும் கூடவே கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் எதிர்பார்க்க முடியாது.

குழந்தைக்கு வெளியிலிருந்து கொடுப்பவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேனை வைப்பதில் இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. நல்ல குணமுள்ள பெரியவர் கையால் முதல் இனிப்பைத் தொட்டுவைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பது. அந்தப் பெரியவர் குழந்தையின் நெற்றியைத் தொட்டு வாழ்த்தட்டும். சேனைக்கு வைக்கும் தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து, நஞ்சைச் சுரந்து உயிருக்கே உலைவைக்கும். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து அங்கேயே பீய்ச்சித் தரும் கழுதைப்பாலும் காய்ச்சாத பால், அதுவும் வேண்டாம். ஆறு மாதம்வரை தண்ணீரும் தேவையில்லை, சித்திரை வெயிலிலும். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு தண்ணீர்தான்.

டப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைப் பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையும், டப்பாவில் குழந்தைப் படம் போடுவதையும், மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசு கொடுப்பதையும் 1992-இல் வந்து 2003-இல் கடுமையாக்கப்பட்ட மத்திய அரசின் சட்டம் தடைசெய்கிறது. தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவிலேயே அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். விளம்பரம் இல்லாமலே அந்தப் பொருள் நம் வீடுகளுக்குள் எப்படி வருகிறது? "பால் பத்தல" என்ற இரண்டு சொற்கள் போதுமானதாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான். அப்படியிருந்தும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை, முன்சொன்ன அதே கணக்கெடுப்பின்படி, பாதியைக் கொஞ்சம் தாண்டுகின்றன. நாட்டின் சராசரியைவிட இது குறைவு. இவ்வளவு மருத்துவமனைகளை எழுப்பிய மாநிலம் மூன்றாம் நாள் இரவுக்கு ஒவ்வொரு வார்டிலும் சொல்லித்தர ஒருவரை வைக்க முடியாதா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

வேலைக்குப் போகும் பெண்ணின் பாடு தனியாக எழுத வேண்டியது. மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து 12 மாதம். விடுப்பு முடிந்து வந்தவளுக்குக் குழந்தை 15 மாதமாகும்வரை தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்பது 1961-லேயே எழுதப்பட்ட சட்டம். இதைக் கேட்டு வாங்கியவர் ஒருவரையும் நான் இன்றுவரை சந்தித்ததில்லை. கடைகளில் பத்து மணி நேரம் நிற்பவர்களுக்கும், நடவுக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களுக்கும் இவற்றில் எதுவும் எட்டுவதில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான 18,000 ரூபாய் உதவி ஒரு கைத்தாங்கல், அவ்வளவே. பேருந்து நிலையங்களில் 2015-இல் அரசு திறந்த பாலூட்டும் அறைகள் நல்ல யோசனை. பூட்டிக் கிடக்கும் அறையைப் பார்த்தால் நிலையத்தில் கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் பால் கொடுப்பவராக இருக்க வேண்டும் என்றில்லை.

தங்கையின் குழந்தை 2 கிலோ 900 கிராம் எடையில் பிறந்து, நான்காம் நாள் 2 கிலோ 700-க்கு இறங்கியது. பதினான்காம் நாள் 3 கிலோ 50. அந்தப் பத்து நாளும் வீட்டில் வேலை பிரிந்தது. மாப்பிள்ளை இரவில் குழந்தையைத் தூக்கிவந்து தங்கையிடம் கொடுத்து, குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, துணி மாற்றிப் படுக்கவைத்தார். அத்தை சமையலைப் பார்த்துக்கொண்டார். அம்மா வாசலில் நின்று, பார்க்க வந்தவர்களைப் பத்து நிமிடத்தில் அனுப்பிவைத்தாள். தங்கைக்குப் பால் கொடுப்பதும் தூங்குவதும் மட்டுமே வேலை. அப்படியும் இரண்டு முறை காரணமில்லாமல் அழுதாள். முதல் வாரத்தில் அது வந்து போகும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். திட்டக் கூடாது.

நாளைக்கே நீங்கள் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போகக்கூடும். கையைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். அங்கே பச்சை உடம்போடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பால் பத்துதா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டியாம்மா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஒரு தட்டில் சோறு போட்டு அவள் கையெட்டும் தூரத்தில் வையுங்கள், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும்.